தலையா, கையா என்று ஊரே பேசிய நாட்கள்

எங்கள் செய்தி நிலையத்தின் வரவேற்பறையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. படம் திடீர் திடீரென்று பச்சையாகிவிடும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்தான் மனிதர்கள் மனித நிறத்துக்குத் திரும்புவார்கள். நாள் முழுவதும் அதில் எங்கள் உள்ளூர் அலைவரிசைதான் ஓடும். பிறந்தநாள் வாழ்த்துக்குப் புகைப்படம் கொண்டுவருகிறவர்கள், கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்க வருகிறவர்கள், கேபிள் சரியாகத் தெரியவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தபடிதான் காத்திருப்பார்கள். ஒரு மாலை அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்தாள். மடியிலிருந்த பை விழுந்து, அதிலிருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசி உருண்டோடிச் சுவரில் முட்டியது. அவள் அதை எடுக்கவில்லை. பெட்டிக்குள் எங்கள் செய்தி வாசிப்பாளர் அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

இரண்டாயிரத்துகளின் பிற்பகுதி அது. கேமரா வைத்த செல்போன் திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. நூல் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் நிலையம். கட்டிங் மேசையில் மிஞ்சும் துண்டுத் துணிகளை மூட்டையாக வாங்கிவந்து, எதிரொலி கேட்காமல் இருக்கட்டும் என்று செய்தி அறையின் நான்கு சுவர்களிலும் அடித்து வைத்திருந்தோம். வெயில் காலத்தில் அந்த அறைக்குள் உட்கார்ந்தால் பனியன் மூட்டைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கணினியில் படங்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. அந்தப் பக்கம் அக்கா. காலையில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை, மாலையில் எங்களுக்கு அரை மணி நேரச் செய்தி. பக்கத்துக் கிராமத்தில் பல தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். கேமராவில் தெரியும் மேல்பாதிக்கு இஸ்திரி போட்ட சேலை மடிப்பு, தெரியாத கீழ்பாதியில் ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பைப் பற்றி நான் கேலி செய்தால், "காலுக்கு யாரு தம்பி சம்பளம் குடுக்கறாங்க?" என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற உள்ளூர் நிலையங்களில் 'காணவில்லை' அறிவிப்பு என்றால் ஒரு புகைப்படம், சோகமான குழலிசை, அவ்வளவுதான். அக்கா அதை வாயால் வாசிப்பார். காணாமல் போனவர் கட்டியிருந்த உடையின் நிறத்தை இரண்டு முறை சொல்வார். பார்க்கிறவர்கள் முதல் முறை முகத்தைத்தான் பார்ப்பார்கள், இரண்டாம் முறைதான் காது திறக்கும் என்பது அவர் கணக்கு. முதலாளிக்கு இது பிடிக்காது. நேரம் போகிறது என்பார். ஆனாலும் அக்காவிடம் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பனியன் விவகாரம் கிளம்பியது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனித்துவந்த ஒரு மெர்ச்சண்டைசரின் சாம்பிள் பனியன்களை, கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டாராம். தலையை முதலில் நுழைத்தால் இறுக்கும், கையை முதலில் நுழைத்தால் தலை தானாகப் போய்விடும் என்பது மெர்ச்சண்டைசரின் வாதம். வயிற்றெரிச்சலில் அவர் திருப்பூர்க்காரர்களின் இணையக் குழு ஒன்றில், நீங்களெல்லாம் பனியன் போடும்போது முதலில் தலையா, கையா என்று கேட்டுவைத்தார். அவ்வளவுதான். உள்ளூரில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், பனியனே போடாதவர்கள் எல்லோரும் அதில் இறங்கினார்கள். மின்னஞ்சலாக அது வேறு ஊர்களுக்குப் போனது. குறுஞ்செய்தியாகத் திரும்பி வந்தது. நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர் ஒரு கட்சி, அயர்ன் மேசைக்காரர் எதிர்க்கட்சி. பேக்கரியில் டீ குடிக்க நின்றால் எதிரே நிற்பவர் சட்டையைக் கழற்றி விளக்கம் காட்டத் தயாராக இருந்தார். ஒரு செய்தித்தாள் அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டது. அடுத்த நாள் எங்கள் முதலாளி, மாலைச் செய்தியில் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கி, தொலைபேசி எண்ணைத் திரையில் போடச் சொன்னார்.

தொலைபேசி அன்றைக்கு அடித்த மாதிரி அதற்கு முன் அடித்ததில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து கிணறு கெட்டுப்போன செய்தியைப் போட்டபோது எங்களுக்கு வந்த அழைப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒன்று மிரட்டல். பனியனுக்கோ லைன் கிடைக்காமல் ஆட்கள் நேரில் படியேறி வந்தார்கள். பத்து நிமிடம் கால் மணி நேரமானது. பிறகு முழு அரை மணி நேரத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது. குடிநீர் வராத வார்டு, பேருந்து நிலையத்தில் இடிந்த சுவர், மின்வெட்டு நேரம் எல்லாம் கடைசி நிமிடத்துக்குள் மூச்சு விடாமல் ஓடும் வாசகமாகச் சுருங்கின. அக்கா முதலாளியிடம் ஒரு முறை இதைப் பற்றிப் பேசினார். முதலாளி கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நியாயம் கேட்கிறவர் மாதிரிதான் பேசினார்.

"சாயத்தண்ணியப் பத்திப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வருதுங்க டீச்சர். பனியனப் பத்திப் போட்டா போன் வருதுங்க. நீங்களே சொல்லுங்க, நா எதப் போடோணும்?"

அக்கா தாள்களை அடுக்கிக்கொண்டு செய்தி அறைக்குள் போய்விட்டார். இன்றைக்கு யோசித்தால் முதலாளி சொன்னதில் பொய் எதுவுமில்லை என்றுதான் தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரு தலை, இரண்டு கை. கருத்துச் சொல்லப் படிப்பு வேண்டாம், ஊர் நிலவரம் தெரிய வேண்டாம். தோற்றாலும் நஷ்டமில்லை. சாதி, கட்சி, மதம் என்று எதையும் தொடாமல் ஆசை தீரச் சண்டை போடலாம். விளம்பரம் கொடுக்கிறவருக்கும் பயமில்லை. செய்தி நிலையத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு எங்கேயும் போக வேண்டிய செலவு கிடையாது. இவ்வளவு வசதி உள்ள செய்தியை எந்த முதலாளி விடுவார்? அப்போது எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. நானும் கைக்கட்சிதான்.

அந்தப் பெண் முதலில் வந்தது இந்த அமளிக்கு நடுவில். ராமநாதபுரம் பக்கத்துக்காரி. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், மண்ணரையில் ஒற்றை அறை வாடகைக்கு. அம்மா இறந்த பிறகு அப்பாவை ஊரில் தனியாக விட முடியாமல் இங்கே கூட்டிவந்திருக்கிறாள். அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மகள் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. அவள் ஷிப்டுக்குப் போகும்போது பக்கத்து அறை அம்மா பார்த்துக்கொள்வார். ஒரு நாள் அந்த அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடிய நேரத்தில் கிழவர் எழுந்து நடந்துவிட்டார். இடுப்பில் லுங்கி, மேலே ஒன்றுமில்லை, காலில் செருப்பில்லை. ஊர் பெயர் கேட்டால் தன் கிராமத்தைச் சொல்வாரே தவிர மண்ணரை என்று சொல்லத் தெரியாது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீதும் புகைப்படமும் கொண்டுவந்திருந்தாள். அக்கா அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். சர்க்கரை வியாதி உண்டு, வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவார் என்று அவள் சொன்னபோது அக்காவின் முகம் மாறியது. அன்று மாலை அறிவிப்பை எழுதி வைத்துக்கொண்டார். ஆனால் பனியன் பேச்சு நீண்டு, நேரம் தீர்ந்து, கடைசியில் முதலாளி கையைக் காட்டி முடிக்கச் சொல்லிவிட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் புகைப்படம் மட்டும் சில நொடி வந்தது. குரல் இல்லை. கீழே 'உங்கள் கட்சி தலையா, கையா?' என்ற வரி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தினமும் ஷிப்டு முடிந்து, தூக்குப்போசிப் பையோடு நேராக எங்கள் படிக்கு வருவாள். வரவேற்பறையில் உட்கார்ந்து, போட்டுவிட்டார்களா என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அந்த அறையைக் கடந்து போவதே சங்கடமாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் வீடியோ வந்தது. யாரோ யாருக்கோ ப்ளூடூத்தில் அனுப்பி, கை மாறி மாறி எங்கள் விளம்பரப் பிரிவு ஆள் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. மங்கலான படம். ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டி அருகில் ஒரு ஆள் வெள்ளைப் பனியன் போட முயல்கிறார். ஒரு கையைக் கழுத்து வழியாக விடுகிறார். தலையைக் கை நுழையும் ஓட்டையில் நுழைத்து, அது போகாமல் சிக்கி, முகம் முழுக்கத் துணி மூடிக்கொள்ள, அப்படியே நின்ற இடத்தில் சுற்றுகிறார். பின்னால் பையன்கள் சிரிக்கும் சத்தம். ஒருவன், "மூணாவது கட்சிடா!" என்று கத்துகிறான். அவ்வளவுதான் வீடியோ.

முதலாளி அதைப் பார்த்துத் தொடையைத் தட்டிச் சிரித்தார். அன்றைய நிகழ்ச்சியில் முன்னறிவிப்பு இல்லாமல் போடச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ஓவர்டைம், வந்திருக்கவில்லை. அக்காவும் நேரலையில்தான் முதன்முதலாக அதைப் பார்த்தார். எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எப்போதும் அளந்து பேசுகிறவர் அப்படிச் சிரித்ததும் ஊருக்கே பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையிலிருந்து முதலாளி அந்த வீடியோவையும் அக்காவின் சிரிப்பையும் சேர்த்து வெட்டி, மாலை நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

அந்த முன்னோட்டத்தைப் பார்த்துத்தான் அவள் எழுந்தாள்.

என்னவோ என்று நான் வெளியே வந்தபோது அவள் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். திரையில் படம் பச்சையாக இருந்தது. நான் தட்டினேன். முன்னோட்டம் மறுபடி வந்தது. அவள் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை, மங்கலிலும் துணியிலும் பார்க்க முகமும் இல்லை. லுங்கியின் ஓரத்தைக் காட்டினாள். பக்கவாட்டுத் தையலில் பளிச்சென்று ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. ஏதோ வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சிய நூல். அதை வைத்து அவளே ஓவர்லாக் அடித்துக் கொடுத்த லுங்கி அது. நான் ஏதாவது சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா கையளவு கண்ணாடியைப் பார்த்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க சிரிச்சீகள்ல... அது எங்க அய்யா."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை. அக்கா கண்ணாடியைக் கீழே வைத்தார். நான் பார்த்தவரையில் அவர் அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? முகத்தில் பாதிப் பவுடரோடு என் பக்கம் திரும்பி, "தம்பி, இத எடுத்தவங்க யாரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. விளம்பரப் பிரிவு ஆளுக்குத் தெரியவில்லை. அவருக்குக் கொடுத்தவருக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. ஊர் முழுக்கப் பார்த்த ஒரு வீடியோ எங்கே எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருக்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். நிகழ்ச்சி தொடங்கும் நேரம் வந்துவிட்டது.

அக்கா உட்கார்ந்தார். வணக்கம் சொன்னார். வழக்கமான முன்னுரையைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்த வீடியோவப் பாத்து நேத்து நா சிரிச்சேனுங்க. நீங்களும் சிரிச்சிருப்பீங்க. இதுல இருக்கறவரு ஒரு பொண்ணோட அப்பாங்க. ஊட்டுக்கு வழி தெரியாம எங்கியோ சுத்தீட்டு இருக்கறாருங்க. சர்க்கரை இருக்குதுங்க அவருக்கு. இத எடுத்தவங்க எங்க வெச்சு எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க சாமி. உங்கள ஒண்ணுமே சொல்ல மாட்டோமுங்க."

பிறகு லுங்கியின் நிறத்தைச் சொன்னார். ரோஸ் நூல் தையலைச் சொன்னார். இரண்டாம் முறையும் சொன்னார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முதலாளி என் தோள் அருகே வந்து நின்றார். தொலைபேசி அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தார்.

"ஏனுங்க, அது சரீங்க. அப்ப அந்தப் பெரியவரு கைக்கட்சிங்களா, தலைக்கட்சிங்களா?"

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆனாலும் அவர் எங்கள் கொங்குப் பக்கத்து ஆள். கோபத்திலும் மரியாதை போகவில்லை. "போன வெச்சுருங்க சாமி, வேற ஒருத்தரு கூப்புடோணுமுங்க" என்றார். அடுத்து வந்தவர், நடிப்பு பிரமாதம் என்று பாராட்டினார். அதற்கடுத்தவர், இது கைக்கட்சிக்காரர்களின் சூழ்ச்சி என்றார். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் வரவேற்பறையில் இருந்த அந்தப் பெண் கதவுக்கு ஓடிவந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் அக்கா இல்லை என்று தலையசைத்தார். விளையாட்டாக ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் வேறு யாரோ லைன் கிடைக்காமல் காத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

"விளம்பரத்தப் போடு" என்றார் முதலாளி.

சுட்டியின் மேல் என் கை இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் வெள்ளி விழாத் தள்ளுபடி விளம்பரம் ஓட ஆரம்பித்திருக்கும். "ஹேங் ஆயிருச்சுங்க" என்றேன். அந்தக் கணினி வாரத்தில் பாதி நாள் ஹேங் ஆகும். அதனால் அவர் நம்பினார், அல்லது நம்பியது போல இருந்துவிட்டார். இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் மகள் உண்டு.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. எதிர்முனையில் முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு இளைஞன் குரல்.

"அக்கா... நாந்தானுங்க எடுத்தேன்."

"சொல்லுங்க கண்ணு. எங்க?"

"நெருப்பெரிச்சலுங்க. எங்க கம்பெனிக்குப் பின்னால, தண்ணித் தொட்டிகிட்ட. அவரு வந்து தண்ணி கேட்டாருங்க. நாங்க சும்மா வெளையாட்டுக்கு, தலைய விடறாரா கைய விடறாரான்னு பாக்கலாம்னு செகண்ட்ஸ்னு ஒதுக்குன பனியன் ஒண்ணு எடுத்துக் குடுத்தோமுங்க."

"தண்ணி குடுத்தீங்களா கண்ணு?"

பதில் வரவில்லை. அழைப்பும் துண்டிக்கப்படவில்லை. பிறகு அவன் கம்பெனி இருக்கும் தெருவைச் சொன்னான். அக்கா ஒலிவாங்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். திரையில் காலி நாற்காலி தெரிந்தது. நான் அதற்குப் பிறகுதான் விளம்பரத்தைப் போட்டேன்.

முதலாளியே தன் வேனை எடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். அந்தப் பெண், அக்கா, நான் மூவரும் பின்னால் உட்கார்ந்தோம். அந்த வீடியோ எடுத்து நாளாகியிருந்தது. சர்க்கரை நோயாளி, வெயில், பசி. கம்பெனி வாசலில் அந்த இளைஞன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். தொட்டியைக் காட்டினான். அங்கே ஒருவரும் இல்லை. பெரியவர் எந்தப் பக்கம் போனார் என்று பார்க்கவில்லை, வீடியோவை அனுப்பும் அவசரத்தில் இருந்தோம் என்றான். அந்தப் பெண் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் என்ன நினைத்து எட்டிப் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. அக்கா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

தொட்டிக்குப் பின்னால் வரிசையாகத் தகர அறைகள். வடநாட்டுத் தொழிலாளிகள் தங்கியிருந்தவை. மூன்றாவது கதவில் வெளிச்சம் தெரிந்தது. பெரியவர் உள்ளே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சப்பாத்தியைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த வெள்ளைப் பனியனைச் சரியாகப் போட்டிருந்தார், அல்லது போட்டுவிட்டிருந்தார்கள். பீகாரிலிருந்து வந்த நான்கு பேர் எங்களைக் கண்டு பயந்து எழுந்து நின்றார்கள். தொட்டியடியில் மயங்கிக் கிடந்தவரைத் தூக்கிவந்ததாகவும், அன்றிலிருந்து தங்களோடு இருப்பதாகவும் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்துகொண்டேன். அவர்களிடம் தொலைக்காட்சி இல்லை. இருந்திருந்தாலும் எங்கள் தமிழ் புரிந்திருக்காது. தலையா கையா என்ற சண்டை அந்த அறைக்கு மட்டும் வந்து சேரவேயில்லை.

"அய்யா" என்றாள் அந்தப் பெண்.

அவர் நிமிர்ந்து அவளை வெகுநேரம் பார்த்தார். "ஆத்தா, வந்துட்டியா? இவுக பேசுறது ஒண்ணும் வெளங்கல. ஆனா நல்ல மனுசங்க" என்றார். அவ்வளவு நாள் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அக்காவும் அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் மதியம் முதலாளி உற்சாகமாக ஒரு யோசனையோடு வந்தார். பெரியவரை அழைத்துவந்து நேரலையில் பனியன் போடச் சொன்னால் விவாதத்துக்கு ஒரு முடிவு வந்த மாதிரி இருக்கும், மகளுக்கும் ஏதாவது உதவித் தொகை வாங்கிக் கொடுக்கலாம் என்றார். கெட்ட எண்ணம் இல்லை அதில். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அக்கா, "அவரு தண்ணி கேட்டாருங்க" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை உட்கார்ந்து, பெரியவர் கிடைத்த செய்தியை முதலில் வாசித்தார். அந்த நான்கு பேருக்கும் நன்றி சொன்னார். பிறகு வரிசையாகக் குடிநீர், மின்வெட்டு, இடிந்த சுவர். பனியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் வணக்கம் சொல்லி முடித்தார்.

தொலைபேசி வெடித்துவிடும் போல அடித்தது. நான்தான் எடுத்தேன். ஏன் இன்றைக்குப் போடவில்லை என்று கேட்டார்கள். கைக்கட்சி தோற்றுவிட்டதால் நிறுத்திவிட்டீர்களா என்று திட்டினார்கள். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவராவது கேட்பார் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்துத்தான் எடுத்தேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நேரில் அந்தப் பெரியவர் வந்து நின்றிருந்தால் பாதிப் பேர் வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்டிருப்பார்கள். ஆனால் காணாமல் போனவரைப் பற்றிய செய்தி நம்மை எழுந்துபோய்க் கதவைத் திறந்து தெருவைப் பார்க்கச் சொல்கிறது. பனியன் செய்தி அப்படி எதுவும் சொல்லாது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கவிடும். இத்தனை வருடம் செய்தித் தொழிலில் இருந்து, அற்ப விஷயங்களுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கிறவர்களிடம் என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான்.

அடுத்த வாரம் வேறொரு பெண் வந்து பனியன் நிகழ்ச்சியை நடத்தினார். கொஞ்ச நாளில் ஊர் வேறொன்றுக்கு மாறியது. அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே பள்ளிக்கூட வேலை அதிகம் என்று நின்றுவிட்டார். கல்யாணமாகி இப்போது அமராவதி நகர் பக்கம் இருக்கிறார், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை நாங்கள் பேசிக்கொள்வோம்.

நான் இப்போது கோவையில் ஒரு பெரிய அலைவரிசையில் இருக்கிறேன். சுவரில் துண்டுத் துணி இல்லை, குளிர்சாதனம் இருக்கிறது. ஊர் பேசுவதை நாங்கள் தேடிப் போக வேண்டியதும் இல்லை, நிமிடத்துக்கு நிமிடம் திரையில் வந்து விழுகிறது. போன வாரம் ஒரு வீடியோ அப்படித்தான் வந்து விழுந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் தயிர்சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிடுகிறாள். இப்படிச் சாப்பிடுவது சரியா தப்பா என்று நாடே இரண்டாகப் பிரிந்தது. சமையல் கலைஞர், மருத்துவர், நடிகர் என்று நான்கு பேரை உட்காரவைத்து நாங்கள் ஒரு மணி நேரம் விவாதம் நடத்தினோம். நிகழ்ச்சி முடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்து, நம் பனியன் கதை மாதிரியே இன்னொன்று வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. "அதுக்குள்ள யாராச்சும் தொலஞ்சு கெடக்கறாங்களான்னு பாத்தீங்களா தம்பி?" என்றார்.

போனை வைத்துவிட்டு அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். அன்றைக்கு மட்டும் அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை, கிண்ணத்தையும் விரல்களையும்தான் பார்த்திருக்கிறேன். இந்த முறை சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் அழுதுகொண்டே சாப்பிடுகிறாள்.